நோயாளியின் உடல்நலத் தகவலும் இருப்பிடமும் வெளியே போகாமல் காக்கச் சட்டத்தில் உள்ள வழிகள்

சென்ற ஆண்டு என் அம்மாவுக்குக் கழுத்தில் ஸ்கேன் எடுப்பதற்காக ஒரு தனியார் மையத்துக்குப் போயிருந்தோம். பதிவுக் கவுன்டரில் நீட்டிய படிவத்தில் பெயர், வயது, அனுப்பிய மருத்துவர் ஆகியவற்றோடு கைபேசி எண், மின்னஞ்சல், வீட்டு முகவரி, ஆதார் எண் என்று வரிசையாகக் கட்டங்கள் இருந்தன. பின்னால் ஆட்கள் நின்றுகொண்டிருந்த அவசரத்தில் எல்லாவற்றையும் நிரப்பிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். பத்து நாள்கூட ஆகவில்லை, தைராய்டு மாத்திரையே வேண்டாம், எங்கள் மூலிகைப் பொடி போதும் என்று அம்மாவைப் பெயர் சொல்லி அழைத்துப் பேசுகிறவர்கள் கிளம்பிவிட்டார்கள். மையத்துக்குப் போய்க் கேட்டபோது அங்கிருந்த பெண் அந்தப் படிவத்தை எடுத்துக் காட்டி, "கையெழுத்து நீங்கதானே சார் போட்டிருக்கீங்க?" என்றார். படிவத்தின் அடியில், எறும்பு ஊர்வது போன்ற எழுத்தில், "எங்கள் கூட்டு நிறுவனங்களுடன் விவரங்களைப் பகிரச் சம்மதிக்கிறேன்" என்று ஒரு வரி இருந்தது.

அந்த ஒரு வரிக்கு எவ்வளவு வலு உண்டு, அதை அடித்துவிட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும், கையெழுத்துப் போட்ட பிறகும் திரும்பப் பெற முடியுமா என்று தேடிப் படித்ததில் தெரிந்துகொண்டவற்றைத்தான் இங்கே எழுதுகிறேன். இவை இந்தியச் சட்டங்கள். முறையீடு செய்யும் இடங்களைச் சொல்லும்போது தமிழ்நாட்டை மனத்தில் வைத்துச் சொல்லியிருக்கிறேன்.

உங்கள் விஷயம் எந்தச் சட்டத்தில் வருகிறது?

நோயாளியின் அந்தரங்கத்துக்கென்று ஒரே சட்டம் நம்மிடம் இல்லை. 2017 ஆகஸ்ட் 24 அன்று உச்ச நீதிமன்றத்தின் 9 நீதிபதிகள் கொண்ட அமர்வு, புட்டசாமி வழக்கில், அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று ஒருமனதாகத் தீர்ப்பளித்தது. எல்லாவற்றுக்கும் அடித்தளம் அதுதான். ஆனால் கவுன்டரில் நின்றுகொண்டு அரசமைப்பின் 21ஆம் பிரிவைப் பேசுவதால் காரியம் நடக்காது. காட்டுவதற்குக் குறிப்பான ஒரு விதி வேண்டும். அந்த விதிகள் நோயைப் பொறுத்தும், சிகிச்சை தருவது அரசா தனியாரா என்பதைப் பொறுத்தும் மாறுகின்றன.

பெயர் சொல்லிப் பாதுகாக்கப்பட்ட நிலைகளில் முக்கியமானவை மூன்று: எச்.ஐ.வி., மனநலச் சிகிச்சை, கருக்கலைப்பு. இவற்றில் ஒன்று உங்களுடையது என்றால் உங்கள் கையில் வலுவான சட்டம் இருக்கிறது.

எச்.ஐ.வி., எய்ட்ஸ் தடுப்பு மற்றும் கட்டுப்பாட்டுச் சட்டம் 2017இல் இயற்றப்பட்டு 2018 செப்டம்பர் 10 அன்று நடைமுறைக்கு வந்தது. அதன் 8ஆம் பிரிவின்படி, தனக்கு எச்.ஐ.வி. இருக்கிறதா இல்லையா என்பதைச் சொல்லும்படி ஒருவரைக் கட்டாயப்படுத்த முடியாது. விவரம் அறிந்து அவர் தரும் சம்மதம் இல்லாமல் மற்றவர்களும் வெளியிடக் கூடாது. நீதிமன்ற உத்தரவு இதற்கு விலக்கு. கணவன் அல்லது மனைவிக்கு மருத்துவர் சொல்லிவிடலாமே என்று பலர் கேட்கிறார்கள். 9ஆம் பிரிவு அதற்கு வழி தருகிறது, ஆனால் படிப்படியாக: துணைவருக்குத் தொற்று ஏற்படும் ஆபத்து கணிசமாக இருக்க வேண்டும், தாமாகவே சொல்லும்படி நோயாளிக்கு முதலில் ஆலோசனை தரப்பட்டிருக்க வேண்டும், அவர் சொல்லப்போவதில்லை என்பது தெளிவாகியிருக்க வேண்டும், சொல்லப்போவதை நோயாளிக்கு முன்கூட்டியே தெரிவித்திருக்க வேண்டும், சொல்வதையும் நேரில், ஆலோசனை தந்த பிறகே சொல்ல வேண்டும். சொன்னால் வன்முறையோ கைவிடப்படுதலோ நேரும் என்ற நியாயமான அச்சம் இருந்தால், பெண் நோயாளியின் விஷயத்தில் துணைவரிடம் சொல்லவே கூடாது. 20 பேருக்குக் குறையாமல் வேலை செய்யும் மருத்துவ நிறுவனம் குறைகளைக் கேட்க ஒரு அலுவலரை நியமித்திருக்க வேண்டும். அவரிடம் பலனில்லை என்றால் மாநில அரசு நியமிக்கும் குறைதீர்ப்பாளர் புகாரை 30 நாளுக்குள் முடிக்க வேண்டும். வழக்கு என்று போனால் உண்மைப் பெயருக்குப் பதில் புனைபெயரில் நடத்தக் கேட்கலாம் என்பதையும் (34ஆம் பிரிவு) வழக்கறிஞரிடம் முதல் நாளே நினைவூட்டுங்கள்.

மனநலப் பராமரிப்புச் சட்டம், 2017 அடுத்தது. 23ஆம் பிரிவு இரகசியத்தை உரிமையாகத் தருகிறது. 24ஆம் பிரிவு, சிகிச்சையில் இருப்பவரின் படத்தையோ வேறு தகவலையோ அவர் சம்மதம் இல்லாமல் ஊடகங்களுக்குத் தருவதைத் தடுப்பதோடு, மின்னணு வடிவில் சேமிக்கப்பட்ட தகவல்களுக்கும் இந்த உரிமை பொருந்தும் என்று வெளிப்படையாகவே சொல்கிறது. இந்தச் சட்டத்தை மீறினால் முதல் முறை 6 மாதம் வரை சிறை, அல்லது 10,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும் விதிக்கலாம். நியமனப் பிரதிநிதி, சிகிச்சையில் பங்குபெறும் பிற மருத்துவர்கள், பிறர் உயிருக்கு ஆபத்து என்ற நிலை ஆகியவை விலக்குகள். மாமனாருக்கும் அலுவலக மேலாளருக்கும் அந்தப் பட்டியலில் இடமில்லை.

கருக்கலைப்புக்கு 1971ஆம் ஆண்டுச் சட்டத்தில் 2021இல் சேர்க்கப்பட்ட 5ஏ பிரிவு இருக்கிறது: சட்டப்படி அதிகாரம் பெற்றவரைத் தவிர வேறு யாரிடமும் அந்தப் பெண்ணின் பெயரையும் விவரங்களையும் மருத்துவர் வெளியிடக் கூடாது, வெளியிட்டால் ஓராண்டு வரை சிறையோ அபராதமோ இரண்டுமோ உண்டு. இதற்கும் முன்பே, 2003ஆம் ஆண்டு ஒழுங்குமுறைகள் சம்மதப் படிவத்தை ஓர் உறையிலிட்டு, முத்திரையிட்டு, மேலே பெயருக்குப் பதில் பதிவேட்டின் வரிசை எண்ணை எழுதி, 'இரகசியம்' என்று குறிக்கச் சொல்லியிருந்தன. உங்கள் படிவம் மேசையில் திறந்து கிடந்தால், அந்த உறை எங்கே என்று கேட்பதற்கு உங்களுக்கு முழு உரிமை உண்டு. 18 வயது ஆகாத பெண் என்றால் மருத்துவர் போக்சோ சட்டப்படி காவல்துறைக்குத் தகவல் தர வேண்டியிருக்கிறது. அந்தத் தகவலில்கூட, அவளோ பெற்றோரோ காப்பாளரோ கேட்டுக்கொண்டால், அவளுடைய பெயரையும் அடையாளத்தையும் சொல்லத் தேவையில்லை என்று 2022 செப்டம்பர் 29 அன்று உச்ச நீதிமன்றம் கூறியது. மருத்துவமனைகளே பல நேரம் இதை அறிந்திருப்பதில்லை. தீர்ப்பின் நகலைக் கையோடு கொண்டுபோவது நல்லது.

சர்க்கரை, தைராய்டு, புற்றுநோய், சிறுநீரகம் என்று மற்ற பெரும்பாலானவற்றுக்கும் பொதுவான விதிகள்தான். மருத்துவரைப் பொறுத்தவரை, 2002ஆம் ஆண்டு மருத்துவக் கவுன்சில் நடத்தை விதிகளின் 7.14ஆம் விதி, தொழில்வழியில் அறிந்த நோயாளியின் இரகசியத்தை வெளியிடக் கூடாது என்கிறது. நீதிபதியின் உத்தரவு, குறிப்பிட்ட ஒருவருக்கோ சமூகத்துக்கோ கடும் ஆபத்து, அரசுக்கு அறிவிக்க வேண்டிய நோய் ஆகிய மூன்று மட்டுமே விலக்கு. தனியார் மருத்துவமனை, லேப், மருந்துச் செயலி போன்ற நிறுவனங்களைப் பொறுத்தவரை, தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 43ஏ பிரிவும் அதன் கீழ் வந்த 2011ஆம் ஆண்டு விதிகளும் இன்றைக்கு நடைமுறையில் உள்ளன. அவை உடல், மன நலம் பற்றிய தகவலையும் மருத்துவப் பதிவுகளையும் 'நுண்ணுணர்வுத் தரவு' என்று வகைப்படுத்தி, எழுத்து மூலமான சம்மதம் பெற்றே திரட்ட வேண்டும், வேறொருவருக்குத் தருமுன் அனுமதி பெற வேண்டும் என்று கட்டளையிடுகின்றன.

ஆனால் அந்த அனுமதி விதியிலேயே ஓர் ஓட்டை இருக்கிறது: ஒப்பந்தத்திலேயே ஒப்புக்கொண்டிருந்தால் தனியாக அனுமதி கேட்க வேண்டியதில்லை. எங்கள் படிவத்தின் அடியில் இருந்த எறும்பு எழுத்து அந்த ஓட்டைக்காக அச்சிடப்பட்டதுதான்.

புதிய சட்டம் எப்போது கைகொடுக்கும்?

டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2023 ஆகஸ்டில் நிறைவேறியது. அதற்கான விதிகள் 2025 நவம்பரில்தான் அறிவிக்கப்பட்டன. அந்த அறிவிப்பின்படி, நிறுவனங்களின் முக்கியமான கடமைகளும் நம்முடைய உரிமைகளும் 18 மாதம் கழித்து, அதாவது 2027 மே மாதத்தில், நடைமுறைக்கு வருகின்றன. அதுவரை மேலே சொன்ன 43ஏ பிரிவே பேசும். ஆகவே இன்று கடிதம் எழுதுகிறவர் புதிய சட்டத்தை மட்டும் மேற்கோள் காட்டினால், "அது இன்னும் அமலுக்கு வரவில்லை" என்று ஒரே வரியில் பதில் வந்துவிடும்.

இருந்தாலும் அதில் என்ன இருக்கிறது என்று தெரிந்துகொள்வது பயன்படும். சட்டத்தின் வாசகத்துக்குள்ளேயே ஓர் எடுத்துக்காட்டு வருகிறது: தொலைமருத்துவச் செயலி ஒன்று சிகிச்சைக்கான விவரங்களோடு கைபேசியில் உள்ள தொடர்பு எண்களையும் பார்க்கச் சம்மதம் கேட்கிறது, பயனர் இரண்டுக்கும் சரி என்று அழுத்திவிடுகிறார், அப்படி அழுத்தியிருந்தாலும், தொடர்பு எண்கள் சிகிச்சைக்குத் தேவையில்லாததால் அவருடைய சம்மதம் சிகிச்சைத் தகவலுக்கு மட்டுமே செல்லும். இந்த ஒரு பத்தி என் அம்மாவின் படிவத்துக்கு அப்படியே பொருந்தியிருக்கும். இன்னொன்று: சம்மதம் கோரும் அறிவிப்பை ஆங்கிலத்திலோ அரசமைப்பின் 8ஆம் அட்டவணையில் உள்ள 22 மொழிகளில் ஒன்றிலோ படிக்கும் வாய்ப்பு தர வேண்டும். அது நடைமுறைக்கு வந்தபின், தமிழில் தாருங்கள் என்று கேட்பது தயவு கோருவதாக இராது.

இழப்பும் ஒன்று இருக்கிறது. புதிய சட்டம் முழுமையாக வரும்போது, பாதிக்கப்பட்டவர் இழப்பீடு கேட்க வழிதரும் 43ஏ பிரிவு நீக்கப்படுகிறது. பாதுகாப்பில் தவறிய நிறுவனத்துக்கு 250 கோடி ரூபாய் வரை தண்டம் விதிக்கலாம் என்பது பெரிய செய்தியாக வந்தது. அந்தப் பணம் அரசின் கணக்குக்குப் போகும், பாதிக்கப்பட்ட நோயாளிக்கு அதில் ஒரு ரூபாயும் வராது என்பது அவ்வளவு பெரிதாக வரவில்லை. மேலும் உடல்நலத் தரவுக்கு அதில் தனி வகையோ கூடுதல் பாதுகாப்போ கிடையாது. பீட்சா கடைக்குக் கொடுத்த முகவரியும் பயாப்சி முடிவும் ஒரே தட்டில்தான். என் கணிப்பில், இழப்பீடு கேட்க வேண்டிய விவகாரம் ஏதேனும் உங்களுக்கு இருக்குமானால், புதிய சட்டம் வரட்டும் என்று காத்திருக்காமல் இப்போதே தொடங்குவது நல்லது.

கவுன்டரில் செய்ய வேண்டியவை

சட்டம் அதிகம் உதவுவது கையெழுத்துக்கு முந்தைய ஒரு நிமிடத்தில்தான். படிவத்தின் கடைசிப் பத்தியை முதலில் படியுங்கள். 'கூட்டு நிறுவனங்கள்', 'விளம்பரச் செய்திகள்', 'ஆய்வு நோக்கம்' என்ற சொற்கள் வரும் வரியைப் பேனாவால் அடித்து, ஓரத்தில் சுருக்கொப்பம் இட்டு, கையெழுத்துக்கு மேல் "சிகிச்சைக்கும் கட்டண ரசீதுக்கும் மட்டும்" என்று எழுதுங்கள். பிறகு அந்தப் பக்கத்தைக் கைபேசியில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். கவுன்டரில் இருப்பவர் முகம் சுளிக்கலாம்; நான் இதைச் செய்யத் தொடங்கிய பிறகு யாரும் சிகிச்சை மறுத்ததில்லை.

தனியார் மையத்தில் ஆதார் எண்ணுக்கான கட்டத்தைக் காலியாக விட்டு, அடையாளம் தேவை என்றால் வேறு அட்டையைக் காட்டலாம். காப்பீட்டுத் திட்டங்களுக்கும் அரசுத் திட்டங்களுக்கும் வேறு நடைமுறை உண்டு. கர்ப்பிணிகளுக்கான ஸ்கேனில் மட்டும் முகவரியையும் தொலைபேசி எண்ணையும் தவிர்க்க முடியாது. பாலினத் தேர்வைத் தடுக்கும் சட்டப்படி 'படிவம் எஃப்' நிரப்புவது மையத்தின் கடமை. அங்கே வாதிடுவதால் பயனில்லை.

'ஆபா' எனப்படும் 14 இலக்க உடல்நலக் கணக்கு எண்ணைக் கேட்டால், அது விருப்பத்தின் பேரில் உருவாக்குவது என்று சொல்லுங்கள். ஏற்கெனவே உருவாக்கியிருந்தால் அதன் செயலியைத் திறந்து, சம்மதங்கள் இருக்கும் பகுதியைப் பாருங்கள்: எந்த மருத்துவமனை, எந்தக் காலத்துப் பதிவுகளை, எந்தத் தேதி வரை பார்க்கலாம் என்று அங்கே இருக்கும். தேவையற்றதைத் திரும்பப் பெறலாம். கணக்கையே நீக்கவும் வழியுண்டு. வரவேற்பு மேசையில் இருப்பவர் உங்கள் கைபேசிக்கு வந்த ஓடிபியைக் கேட்டு அவராகவே கணக்கு உருவாக்க முன்வந்தால், எதற்கு என்று கேட்காமல் எண்ணைச் சொல்லாதீர்கள்.

அடுத்தது, நம் ஊருக்கே உரியது. நோயாளியை வெளியே உட்காரச் சொல்லிவிட்டு மகனையோ மருமகனையோ உள்ளே அழைத்துப் பேசுவதை இங்கே அக்கறையாகவே பார்க்கிறோம். சட்டத்தின் பார்வையில் இரகசியம் நோயாளிக்குச் சொந்தமானது. வீட்டுக்குப் பெரியவருக்கு அதில் பங்கில்லை. சேர்க்கையின்போதே, "என் உடல்நிலை பற்றி இன்னாரிடம் மட்டும் பேசலாம்" என்று ஒரு வரி எழுதிக் கேஸ் ஷீட்டில் இணைக்கச் சொல்லுங்கள். பார்க்க வந்த சொந்தக்காரர்களிடம், "டாக்டர் சொல்லக் கூடாதுன்னுட்டாரு" என்று சொல்லவும் அது வசதியாக இருக்கும்.

உங்கள் பதிவுகள் உங்களிடம் இருப்பதும் பாதுகாப்பே. உள்நோயாளியின் பதிவை மருத்துவர் 3 ஆண்டு வைத்திருக்க வேண்டும். நோயாளியோ அவர் அதிகாரம் கொடுத்தவரோ கேட்டால் 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும் என்று அதே 2002ஆம் ஆண்டு விதிகளின் 1.3ஆம் விதி சொல்கிறது. அரசு மருத்துவமனையில் இருக்கும் உங்கள் பதிவை அண்டை வீட்டுக்காரர் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் கேட்டுப் பெற முடியுமா என்று அஞ்சத் தேவையில்லை. தனிப்பட்ட தகவலை மறுக்க 8(1)(ஜெ) பிரிவு இடம் தருகிறது, 2025 நவம்பர் திருத்தத்துக்குப் பிறகு அந்த விலக்கு முன்பைவிட அகலமாகிவிட்டது. (ஊழலை வெளிக்கொணரவும் இதே விலக்கு தடையாகிறது என்பது வேறு வருத்தம்.)

இருப்பிடம்: சட்டம் பெயர் சொல்ல மறந்த தரவு

செவ்வாய்தோறும் காலை 9 மணிக்கு ஒரு கைபேசி அடையாறில் உள்ள புற்றுநோய் மருத்துவமனை வளாகத்துக்குள் நுழைந்து மாலையில் வெளியே வருகிறது. இரவு முழுவதும் தாம்பரத்தில் ஒரு வீட்டில் இருக்கிறது. இதில் பெயரும் இல்லை, நோயும் இல்லை. ஆனால் தெருவில் இருக்கும் யார் பார்த்தாலும் யாருக்கு என்ன சிகிச்சை நடக்கிறது என்று சொல்லிவிடுவார். மதுப்பழக்க மறுவாழ்வு மையம், கருத்தரிப்பு மையம், எச்.ஐ.வி. சிகிச்சை தரும் ஏ.ஆர்.டி. மையம் என்று எந்த வாசலை நினைத்தாலும் இதே கதைதான்.

2011ஆம் ஆண்டு விதிகளில் நுண்ணுணர்வுத் தரவுப் பட்டியலில் கடவுச்சொல் இருக்கிறது, வங்கி விவரம் இருக்கிறது, கைரேகை இருக்கிறது; இருப்பிடம் இல்லை. அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலம் 2023இல் இயற்றிய சட்டம், மருத்துவ நிலையத்தைச் சுற்றி 2,000 அடிக்குள் மின்னணு வேலி போட்டு வந்துபோகிறவர்களைப் பின்தொடர்வதையும் அவர்களுக்கு விளம்பரம் அனுப்புவதையும் தடை செய்தது. நம் நாட்டில் அதற்கு இணையான விதி கிடையாது. 2023ஆம் ஆண்டுச் சட்டத்தில் 'ஒருவரை அடையாளம் காட்டக்கூடிய எந்தத் தரவும்' தனிநபர் தரவே என்பதால் அது வரும்போது இருப்பிடமும் உள்ளே வந்துவிடும். அதுவரை நான் பரிந்துரைக்கும் வழி, இருப்பிடத்தைத் தனியாகப் பேசாமல் உடல்நலத் தகவலாகவே பேசுவது: "நான் இன்ன துறைக்கு வந்துபோன நாளும் நேரமும் என் உடல்நிலையைக் காட்டும் தகவல்" என்று கடிதத்தில் எழுதினால், 2011ஆம் ஆண்டுப் பட்டியலுக்குள் அதைக் கொண்டுவர வாதம் கிடைக்கிறது.

நீதிமன்றங்களும் கைகொடுத்திருக்கின்றன. கொரோனாத் தொற்று உள்ளவர் வீட்டு வாசலில் ஒட்டப்பட்ட அறிவிப்புத் தாள்கள் நினைவிருக்கும். நோயையும் முகவரியையும் ஒரே தாளில் தெருவுக்குச் சொன்ன அந்தப் பழக்கத்தை, பேரிடர் மேலாண்மைச் சட்டத்தின் கீழ் உரிய அதிகாரி குறிப்பாக உத்தரவிட்டால் தவிர, செய்யக் கூடாது என்று 2020 டிசம்பர் 9 அன்று உச்ச நீதிமன்றம் சொன்னது. 2024 ஜூலை 8 அன்று, பிணையில் வெளிவந்தவர் கூகுள் வரைபடத்தில் தன் இருப்பிடத்தைக் காவல்துறைக்குக் காட்டிக்கொண்டே இருக்க வேண்டும் என்ற நிபந்தனை அந்தரங்க உரிமைக்கு எதிரானது என்று அதே நீதிமன்றம் அதை நீக்கியது. குற்றம் சாட்டப்பட்டவருக்கே இந்த உரிமை உண்டு என்றால் நோய்வாய்ப்பட்டவருக்கு இல்லாமல் போகாது. விடுப்பில் இருக்கும் ஊழியரிடம் நேரலை இருப்பிடம் அனுப்பச் சொல்லும் அலுவலகத்துக்கு இதை மேற்கோள் காட்டி எழுதலாம்.

கைபேசியில் செய்ய வேண்டியது சிறிதுதான். மருந்து, லேப், மருத்துவர் சந்திப்புச் செயலிகளுக்கு இருப்பிட அனுமதியை 'பயன்படுத்தும்போது மட்டும்' என்றும், 'துல்லிய இருப்பிடம்' வேண்டாம் என்றும் மாற்றுங்கள். முகவரியைத் தட்டச்சு செய்தாலே மாத்திரை வீடு வந்து சேரும். ஆண்ட்ராய்டு அமைப்புகளில் விளம்பர அடையாள எண்ணை நீக்கிவிடுங்கள். இரத்தம் எடுக்க வருபவருக்கு வாட்ஸாப்பில் நேரலை இருப்பிடம் அனுப்பாமல் ஒரு முறை மட்டும் இடத்தைக் குறித்து அனுப்புங்கள். 8 மணி நேரப் பகிர்வைத் தெரியாமல் அழுத்திவிட்டு மறந்துபோனவர்களை நான் பார்த்திருக்கிறேன். மருத்துவமனைக் கட்டிலில் எடுத்த படத்தை மின்னஞ்சலில் அனுப்புமுன் அதில் பதிந்திருக்கும் இடக்குறிப்பை நீக்குங்கள்.

கைபேசியில் உளவு பார்ப்பது வீட்டுக்குள் இருப்பவர் என்றால் நிலைமை வேறு. விருப்பமில்லை என்று காட்டிய பிறகும் ஒரு பெண்ணைப் பின்தொடர்வதும், அவளுடைய இணைய, மின்னஞ்சல் தொடர்புகளைக் கண்காணிப்பதும் பாரதிய நியாய சன்ஹிதாவின் 78ஆம் பிரிவில் குற்றம். ஆனால் அமைப்புகளை உடனே மாற்றினால் அந்த ஆளுக்குத் தெரிந்துவிடும். முதலில் 181 என்ற மகளிர் உதவி எண்ணில், வேறொருவர் கைபேசியிலிருந்து, பேசுங்கள்.

எழுதிக் கேட்பது

தகவல் வெளியே போய்விட்டது என்று தெரிந்தால் வாய்ச்சண்டையில் நேரம் போக்காமல் கடிதம் எழுதுங்கள். 2011ஆம் ஆண்டு விதிகளின்படி ஒவ்வொரு நிறுவனமும் ஒரு குறைதீர் அலுவலரை நியமித்து அவருடைய பெயரை இணையதளத்தில் வெளியிட வேண்டும். அவர் ஒரு மாதத்துக்குள் குறையைத் தீர்க்க வேண்டும். நான் அனுப்பிய கடிதத்தின் உடற்பகுதி இதுதான்:

"பொருள்: நோயாளியின் உடல்நலத் தகவலைச் சிகிச்சை அல்லாத நோக்கத்துக்குப் பயன்படுத்துவதை நிறுத்தக் கோருதல் – தொடர்பாக.

தங்கள் மையத்தில் இன்ன தேதியில் இன்ன பதிவு எண்ணில் பரிசோதனை செய்துகொண்ட என் தாயாரின் பெயர், கைபேசி எண், பரிசோதனை விவரம் ஆகியவை வெளியாருக்குத் தரப்பட்டுள்ளன என்று நம்புவதற்கு, இத்துடன் இணைத்துள்ள அழைப்புப் பட்டியல் காரணமாக உள்ளது. (1) எந்தெந்த விவரங்கள், யாருக்கு, எந்த நாளில் தரப்பட்டன என்பதை எழுத்து மூலம் தெரிவிக்கவும். (2) பதிவுப் படிவத்தில் உள்ள பகிர்வுச் சம்மதம், 2011ஆம் ஆண்டு விதிகளின் 5(7)ஆம் விதியின் கீழ் இக்கடிதத்தின் மூலம் திரும்பப் பெறப்படுகிறது. (3) பெற்றவர்களிடமிருந்து அவ்விவரங்களை நீக்கச் செய்து அதை உறுதிப்படுத்தவும். ஒரு மாதத்துக்குள் பதில் இல்லையெனில் உரிய அமைப்புகளை அணுகுவேன்."

கீழே அம்மாவின் கையெழுத்து; தரவு அவருடையது, என்னுடையது இல்லை. பதிவுத் தபால் 2025இல் விரைவுத் தபாலோடு இணைக்கப்பட்டுவிட்டதால், விரைவுத் தபாலில் அனுப்பி, பட்டுவாடா ஆனதற்கான சான்றைக் கேட்டு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். மின்னஞ்சலிலும் ஒரு நகல் போகட்டும்.

பதில் வராவிட்டால்

வெளியிட்டவர் மருத்துவர் என்றால் சென்னையில் உள்ள தமிழ்நாடு மருத்துவக் கவுன்சிலுக்குப் புகார் அனுப்பலாம். கவுன்சிலின் அதிகாரம் மருத்துவர்மீது மட்டுமே செல்லும்; வரவேற்பாளர்மீதோ லேப் நிறுவனத்தின்மீதோ அங்கே நடவடிக்கை கிடைக்காது.

நிறுவனம் என்றால், என் பார்வையில், சாமானியருக்கு எளிய வாசல் மாவட்ட நுகர்வோர் ஆணையம்தான். நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019இன் 2(47)ஆம் பிரிவு, நுகர்வோர் நம்பிக்கையின் பேரில் தந்த சொந்தத் தகவலைச் சட்டத்துக்கு மாறாகப் பிறருக்கு வெளியிடுவதை முறையற்ற வணிக நடவடிக்கை என்றே வரையறுக்கிறது. 5 லட்சம் ரூபாய் வரை மதிப்புள்ள புகாருக்குக் கட்டணம் இல்லை. வழக்கறிஞர் இல்லாமல் தாமே வாதாடலாம். இ-ஜாக்ரிதி தளத்தில் வீட்டிலிருந்தே தாக்கல் செய்யலாம். அதற்கு முன் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் பதிவு செய்தாலே சில நிறுவனங்கள் இறங்கி வருகின்றன. எல்லோருக்கும் இலவசமாகச் சிகிச்சை தரும் அரசு மருத்துவமனைக்கு இந்த வழி திறக்காது. அங்கே மருத்துவமனை முதல்வர் அல்லது கண்காணிப்பாளர், பிறகு மாவட்ட நலப்பணிகள் இணை இயக்குநர், முதலமைச்சரின் 1100 உதவி எண், கடைசியாக உயர் நீதிமன்றத்தில் அரசமைப்பின் 226ஆம் பிரிவின் கீழ் மனு என்ற வரிசையில்தான் போக வேண்டும்.

இழப்பு பெரிது என்றால் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் கீழ் தீர்ப்பு அதிகாரியை அணுகலாம். மாநிலத்தின் தகவல் தொழில்நுட்பத் துறைச் செயலரே அந்த அதிகாரி; 5 கோடி ரூபாய் வரையான இழப்பீட்டுக் கோரிக்கையை அவர் விசாரிப்பார். பலருக்குத் தெரியாத இந்த வாசல் தமிழ்நாட்டில் ஏற்கெனவே திறந்து பார்க்கப்பட்டதுதான்: 2010இல் இணைய மோசடியில் பணம் இழந்த வாடிக்கையாளர் ஒருவருக்கு வங்கி 12 லட்சம் ரூபாய்க்கு மேல் தர வேண்டும் என்று இங்கிருந்த அதிகாரி உத்தரவிட்டார். அது வங்கி வழக்கு என்றாலும், நடைமுறை இதுதான். ஒப்பந்தத்தை மீறி வேண்டுமென்றே தகவலை விற்றவர்மீது அதே சட்டத்தின் 72ஏ பிரிவில் குற்ற வழக்கும் தொடரலாம். அதற்கு 3 ஆண்டு வரை சிறை.

மருத்துவமனைக் கணினியையே யாரோ ஊடுருவிவிட்டார்கள் என்றால், 2022 நவம்பர் 23 அன்று டெல்லி எய்ம்ஸ் மருத்துவமனையில் நடந்ததுபோல், நோயாளி தனியாகச் செய்யக்கூடியது கொஞ்சமே. மருத்துவமனைத் தளத்துக்கு வைத்திருந்த கடவுச்சொல்லை வேறெங்காவது பயன்படுத்தியிருந்தால் அங்கும் மாற்றுங்கள். பதிவில் உள்ள நோயைச் சொல்லியே பணம் பறிக்க வருகிறவர்களின் அழைப்பை 1930 என்ற இணையக் குற்ற உதவி எண்ணில் புகார் செய்யுங்கள். மருத்துவமனை அனுப்பும் ஊடுருவல் அறிவிப்பை அழிக்காமல் வையுங்கள்.

எங்கள் கடிதத்துக்கு 23ஆம் நாள் பதில் வந்தது. ஒரு 'நலவாழ்வுக் கூட்டு நிறுவனத்துக்கு' எண் தரப்பட்டதாக ஒப்புக்கொண்டு, நீக்கச் சொல்லிவிட்டதாக எழுதியிருந்தார்கள். பொடிக்காரர்களின் அழைப்பு நின்றது. முழங்கால் தைலம் விற்கும் வேறொருவர் மட்டும் இன்னும் அவ்வப்போது கூப்பிடுகிறார். நுகர்வோர் ஆணையத்தை அணுகக் காரணம் எழுந்த நாளிலிருந்து 2 ஆண்டு அவகாசம் உண்டு என்பதால், படிவத்தின் படம், அழைப்புப் பட்டியல், தபால் சீட்டு, அந்தப் பதில் ஆகிய நான்கையும் ஒரே கோப்பில் வைத்து, மேலே கடைசித் தேதியை எழுதியிருக்கிறேன்.